டிரா வேண்டாம் என்ற பையன்

(நம் சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில், ஜனவரி 2025-இல் பேசியது. செய்திமடல் குழுவினர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேடையில் நேரம் போதாமல் விட்ட ஒன்றிரண்டு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



நான் சதுரங்கத்தில் பெரிய ஆள் இல்லை. பேங்கில் சேர்ந்த புதிதில், திண்டிவனம் கிளையில், மதிய உணவு நேரத்தில் காசாளருடன் ஆடக் கற்றுக்கொண்டேன். முப்பத்தெட்டு வருஷம் கிளார்க்காக இருந்துவிட்டு இப்போது பேரனோடு ஆடுகிறேன். பத்தில் எட்டு அவன் ஜெயிக்கிறான். நாங்கள் யானை, மந்திரி, குதிரை என்போம். அவன் ரூக், பிஷப், நைட் என்கிறான். இன்றைக்கு அவன் பாஷையிலேயே பேசுகிறேன், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போனதும் திருத்துவான்.

இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 13-ஆம் தேதி காலை நடையில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். முந்தின நாள் சாயங்காலம்தான் சிங்கப்பூரில் நம் குகேஷ் உலக சாம்பியன் ஆகியிருந்தார். அப்போது நம் நண்பர் ஒருவர் சொன்னார்: “நம்ம பையன் ஜெயிச்சதில சந்தோஷம்தான் சார். ஆனா உண்மையச் சொல்லணும்னா, அந்த சீனாக்காரர் கடைசி நாள் தப்பு பண்ணாரு, இவர் வாங்கிக்கிட்டாரு. அவ்வளவுதானே?” நம் நண்பர் மட்டும் சொல்லவில்லை, முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக்கே ஆட்டத்தின் தரத்தை மட்டம் தட்டினார். எனக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து 14 ஆட்டங்களையும் பலகையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் ஆனது. பதில் இப்போதுதான் தயார்.

ஆடாதவர்களுக்காக ஒரு நிமிடம் விதிமுறை. மொத்தம் 14 ஆட்டம். ஜெயித்தால் 1 புள்ளி, டிரா ஆனால் ஆளுக்கு அரை. முதலில் ஏழரை எடுப்பவர் சாம்பியன். 7-7 என்று நின்றால் மறுநாள் ரேபிட், அதாவது வேக ஆட்டம். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு 2 மணி நேரம். அதற்குப் பிறகு இன்னும் அரை மணி, 41-வது நகர்த்தலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி கூடுதல். 40 நகர்த்தலுக்கு 120 நிமிடம் என்றால் சராசரி 3 நிமிடம். ஒரே நகர்த்தலுக்கு 40 நிமிடம் செலவு செய்யலாம், யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு இருக்காது.

எதிரே உட்கார்ந்தவர் டிங் லிரென். 2023-இல் கஜகஸ்தானின் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை வென்று பட்டம் எடுத்தவர். அதுவும் 7-7 ஆகி, வேக ஆட்டத்தில் எடுத்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். பட்டம் வாங்கிய பிறகு அவருக்கு மனச்சோர்வு வந்தது, தூக்கம் வரவில்லை, அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். சிங்கப்பூருக்கு வரும்போது, நீண்ட நேர ஆட்டத்தில் ஜெயித்து ஏறக்குறைய 10 மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் குகேஷ் ஊதித் தள்ளிவிடுவார் என்று எழுதினார்கள்.

நவம்பர் 25, முதல் ஆட்டம். குகேஷுக்கு வெள்ளை. ராஜா பக்கத்துச் சிப்பாய்களை அவசரப்பட்டு முன்னே தள்ளினார். டிங் பொறுமையாகப் பிடித்து, கறுப்பில் ஆடி, 42 நகர்த்தலில் ஜெயித்தார். 18 வயசுப் பையன், உலகமே பார்க்கிறது, முதல் நாளே தோல்வி. எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் குகேஷ் திருப்பிக் கொடுத்தார். வீட்டிலேயே தயார் செய்து வந்த நகர்த்தல்களை மளமளவென்று வைத்தார். டிங் ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்துக் கடிகாரத்தில் பின்தங்கினார். அவருடைய பிஷப் ஒன்று குகேஷின் முகாமுக்குள் போய் மாட்டிக்கொண்டது. கடைசியில் 37-வது நகர்த்தலில் டிங்கின் நேரமே தீர்ந்துபோனது. உலக சாம்பியன் ஒருவர் பட்டப் போட்டியில் நேரம் தீர்ந்து தோற்பதைப் பார்த்தபோதே அவருடைய பலவீனம் எங்கே என்று தெரிந்துவிட்டது. அது ஆட்ட அறிவில் இல்லை, கடிகாரத்திலும் களைப்பிலும் இருந்தது.

இனி நான் சொல்ல வந்த இடம். அதற்கு நம் ஊர் மழையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது ஆட்டம் நவம்பர் 30, சனிக்கிழமை. அன்று ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. திண்டிவனம், விக்கிரவாண்டி, நம் ஊர், எங்கும் தண்ணீர். அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. நம் தெருவில் முழங்கால் வரை நின்றதும், இளைஞர்கள் பால் பாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சனிக்கிழமை மதியம், மின்சாரம் போவதற்கு முன்னால், செல்போனில் ஐந்தாவது ஆட்டத்தைப் பார்த்தேன். குகேஷ் ஒரு தவறு செய்தார், டிங்குக்கு நல்ல நிலை கிடைத்தது. அழுத்திப் பார்க்க வேண்டிய இடத்தில் டிங் அழுத்தவில்லை. 40 நகர்த்தலில் டிரா. எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது, அதன் அர்த்தம் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறாவது ஆட்டம். இங்கே மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. நான் மாடியில் அரிசி மூட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கழித்துத்தான் அந்த ஆட்டத்தைப் பார்க்க முடிந்தது, பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிங்குக்கு வெள்ளை. நகர்த்தல் 20-ஐத் தாண்டியதும், ராணியை முன்னும் பின்னும் நகர்த்தி, ‘இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?’ என்று பலகையிலேயே கேட்கிறார். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா. கணினி அந்த இடத்தில் டிங்குக்குத்தான் கொஞ்சம் சாதகம் என்கிறது. கறுப்பில் ஆடும் குகேஷ் என்ன செய்திருக்க வேண்டும்? நானாக இருந்தால் ஓடிப்போய்க் கை கொடுத்திருப்பேன். அவர் 26-வது நகர்த்தலில் ராணியை வேறு பக்கம், பலகையின் ஓரத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறார். டிரா வேண்டாம், வா ஆடலாம் என்று அர்த்தம். ஆட்டம் 46 வரை போய் டிராவில்தான் முடிந்தது. ஸ்கோர் மாறவில்லை, ஆனாலும் இந்தப் போட்டியின் திருப்புமுனை அதுதான் என்பது என் கருத்து.

எட்டாவது ஆட்டத்திலும் அதேபோல. டிங் மறுபடி நிலையைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவருகிறார், இவர் விலகிப் போகிறார். நடுவில் ஏழாவது ஆட்டம் 72 நகர்த்தல், 5 மணி நேரத்துக்கு மேல். அதில் குகேஷ் ஜெயித்திருக்க வேண்டும், நழுவவிட்டார். பத்திரிகைகளில் அவரைத் திட்டினார்கள். அபாயமான இடத்தில் டிராவை மறுப்பது அகம்பாவம் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். கணினியைக் கேட்டால் அந்த மறுப்புகள் தப்பு என்றுதான் சொல்லும். என்னுடைய பேங்க் புத்தியும் அதையேதான் சொல்லும்.

ஆனால் கணினிக்குக் களைப்பு கிடையாது, டிங்குக்கு உண்டு. குகேஷ் தரப்பின் கணக்கு எனக்கு ஆர்.டி. மாதிரி தெரிகிறது. ஒவ்வொரு நீண்ட ஆட்டமும் ஒரு தவணை. அன்றைக்கு வட்டி தெரியாது. எதிராளி ஒவ்வொரு நாளும் 4 மணி, 5 மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும், கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், ‘இவன் எப்போதும் விட மாட்டான்’ என்ற நினைப்போடு தூங்கப் போக வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 7-7 ஆனால் வேக ஆட்டம். அதில் டிங் கெட்டிக்காரர், குகேஷ் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே டிரா என்பது டிங்குக்கு லாபம், குகேஷுக்கு நஷ்டம். அரைப் புள்ளி இருவருக்கும் சமமாகத் தெரிந்தாலும் அதன் மதிப்பு சமம் இல்லை. முகமதிப்பு வேறு, சந்தை மதிப்பு வேறு என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்ததுதான்.

இதை அவர் எங்கே கற்றார்? நான் நினைப்பது, சென்னையில். 2013 நவம்பரில், சென்னை ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் ஆனந்தும் கார்ல்சனும் பட்டத்துக்கு ஆடினார்கள். அப்போது குகேஷுக்கு 7 வயசு. பார்வையாளராகப் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, ஒருநாள் நாமும் உள்ளே உட்கார வேண்டும் என்று நினைத்ததை அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் போட்டியின் முதல் 4 ஆட்டமும் டிரா. நவம்பர் 15, 16 தேதிகளில் 5, 6-வது ஆட்டம் இரண்டையும் கார்ல்சன் ஜெயித்தார். (அந்த இரண்டு நாளும் பம்பாயில் டெண்டுல்கரின் கடைசி டெஸ்ட். எங்கள் கிளையில் கஸ்டமர், கிளார்க், மேனேஜர் எல்லோரும் ஸ்கோர்தான் கேட்டார்களே தவிர, ஆனந்த் என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அந்த வருத்தம் உண்டு.) அந்த இரண்டு ஆட்டத்திலும் பெரிய தாக்குதல் எதுவும் கிடையாது. ராணிகள் போய், காய்கள் குறைந்து, மற்றவர்கள் கை கொடுத்துவிட்டு எழுந்து போகிற நிலை. கார்ல்சன் எழுந்து போகவில்லை. சும்மா நகர்த்திக்கொண்டே இருந்தார். ஆனந்தை நல்ல நகர்த்தலாகவே வைத்துக்கொண்டிருக்கும்படி கட்டாயப்படுத்தினார். மணிக்கணக்கில் அப்படி வைக்க யாராலும் முடியாது. கடைசியில் ஆறரைக்கு மூன்றரை என்று, 12 ஆட்டத்தில் 10-லேயே முடிந்துவிட்டது. நாமெல்லாம் ‘ஆனந்த் தப்புப் பண்ணிட்டாரு’ என்றோம். பதினொரு வருஷம் கழித்து, கண்ணாடிக்கு வெளியே நின்ற பிள்ளை அதே வைத்தியத்தை டிங்குக்குச் செய்தார்.

இந்தக் குணத்தால் அவர் அடி வாங்காமலும் இல்லை. 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது ஒருநாள் பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தேன். நாங்கள் போன நாளில் அவர் ஜெயித்தார், ஏனென்றால் முதல் 8 ஆட்டமும் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தார். 10-வது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், கையில் இருந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். அந்த அணிக்குத் தங்கம், நம் இளம் அணிக்கு வெண்கலம். தனிநபர் தங்கம் கிடைத்தும் அந்தப் பையன் முகத்தில் சிரிப்பு இல்லை.

சிங்கப்பூருக்குத் திரும்புவோம். டிசம்பர் 8, பதினொன்றாவது ஆட்டம். டிங் மறுபடி நேர நெருக்கடியில் மாட்டி, 28-வது நகர்த்தலில் ராணியைத் தப்பான கட்டத்தில் வைத்தார். குகேஷின் ராணி ஒரு நைட்டை அடித்தது, ஆட்டம் முடிந்தது. 6-5. தவணைகள் முதிர ஆரம்பித்துவிட்டன என்று நினைத்தேன். மறுநாளே டிங் வந்து, இந்தப் போட்டியிலேயே மிக அழகான ஆட்டத்தை ஆடி, 39 நகர்த்தலில் குகேஷைச் சுருட்டி வைத்தார். அதில் இவர் பெரிதாக ஒரு தப்பு செய்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, நசுக்கப்பட்டார், அவ்வளவுதான். 6-6. டிங்கைக் கேலி பேசுபவர்கள் அந்தப் பன்னிரண்டாவது ஆட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசட்டும். பதின்மூன்றாவது 68 நகர்த்தல், டிரா. அதிலும் டிங் தப்பிக்க இருந்த ஒரே நகர்த்தலைக் கண்டுபிடித்துத் தப்பித்தார்.

டிசம்பர் 12. டிங்குக்கு வெள்ளை. வெள்ளை என்றால் சாதகம். கடைசி ஆட்டம், ஜெயித்தால் பட்டம். அவர் என்ன செய்தார்? ஒரு சிப்பாயைக் கொடுத்து, காய்களை வெட்டிக் குறைத்து, டிராவை நோக்கிப் போனார். நாளைக்கு வேக ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். 2023-இல் அப்படித்தானே கிடைத்தது. ஆளுக்கு ஒரு ரூக், ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும், கவனமாக ஆடினால் இது டிரா. நேரலையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் வேக ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் மனைவியும் ‘அதான் டிராவாம், வந்து சாப்பிடுங்க’ என்று கூப்பிட்டுவிட்டாள்.

குகேஷ் மட்டும் நகர்த்திக்கொண்டே இருந்தார். கடிகாரத்தில் அவருக்கு நேரம் தாராளமாக இருந்தது. 55-வது நகர்த்தல். டிங் தன் ரூக்கைக் கொண்டுபோய் குகேஷின் ரூக்குக்கு எதிரே வைக்கிறார். ‘ரூக்கை மாற்றிக்கொள்ளலாம், முடித்துவிடலாம்.’ அந்த அவசரத்தைத்தான் நான் சொல்கிறேன். அப்போது டிங்கின் பிஷப் பலகையின் மூலையில் நின்றது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டம்தான் வழி. ரூக்குகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை அந்த வழியின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால், அது எங்கேயும் ஓட முடியாது. வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். வெட்டினால் மிச்சம் ராஜாவும் சிப்பாயும். அப்போது அந்த ஒற்றைச் சிப்பாய் போதும்.

குகேஷுக்கும் முதலில் இது கண்ணில் படவில்லை, வேறொன்றை வைக்கப் போனதாக அவரே பிறகு சொன்னார். பிறகு பார்த்தார். தண்ணீர் குடித்தார், எழுந்தார், உட்கார்ந்தார், முகத்தை மறைத்துக்கொண்டார். டிங்குக்கும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. 58-வது நகர்த்தலில் கை கொடுத்தார். ஏழரைக்கு ஆறரை. அழுதுகொண்டே அந்தப் பையன் காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் திருப்பி வைத்தாரே, அதைப் பார்த்து இங்கே எத்தனை வீட்டில் அழுதார்கள் என்று எனக்குத் தெரியும். 1985-இல் காஸ்பரோவ் 22 வயசில் சாம்பியன் ஆனார். இவருக்கு 18.

பணக் கணக்கு சொல்லாவிட்டால் நான் பேங்க்காரனே இல்லை. மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். ஜெயித்த ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம், மீதி சரிபாதி. குகேஷ் 3 ஜெயித்தார், டிங் 2. ஆக 5 ஆட்டத்துக்கு 10 லட்சம் போக மிச்சம் 15-ஐப் பிரித்தால் குகேஷுக்கு 13.5 லட்சம், டிங்குக்கு 11.5 லட்சம். நம் காசில் இவருக்கு 11 கோடிக்குக் கொஞ்சம் மேலே. தமிழ்நாடு அரசு அறிவித்த 5 கோடி தனி.

ஜப்பானில் ஷோகி என்று ஒரு சதுரங்கம் இருக்கிறது. வெட்டிய காயை நம் காயாக மறுபடி பலகையில் இறக்கலாம். அதனால் காய் குறைவதே கிடையாது, டிராவும் அபூர்வம். ஒரே நிலை 4 முறை வந்தால், நிறத்தை மாற்றிக்கொண்டு முதலிலிருந்து ஆட வேண்டும். சமரசம் என்று கை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. குகேஷ் அங்கே பிறந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பார் என்று பேரன் சொல்கிறான்.

ஆக, காலை நடை நண்பருக்கு என் பதில் இது. ஆம், டிங் தப்புச் செய்தார். 55-வது நகர்த்தலில் அந்தத் தப்பைச் செய்ய அவர் அங்கே இன்னும் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. உட்கார வைத்தது யார்?

இன்னொன்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வீட்டில் அனுமதி வாங்கிவிட்டேன், சொல்கிறேன். எனக்கு இரண்டு முறை ஆபீஸர் பிரமோஷன் வந்தது. வாங்கினால் வடக்கே எங்கேயாவது மாற்றல். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைகள் சின்னவர்கள், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் ரயிலில் போய் வருவது வசதி. இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அது தப்பு என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன், அப்பா என் மடியில்தான் போனார். ஆனால் இரண்டாவது முறை அப்பா இல்லை, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். அப்போது நான் கை கொடுத்துவிட்டு எழுந்தது, நிலைமையைப் பார்த்து அல்ல, பழக்கத்தில். அந்த ஆறாவது ஆட்டத்தை, ஈரம் காயாத வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

உறியடிக்கு நேரமாகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு அறிவிப்பு மட்டும். ஞாயிறு மாலை 4 மணிக்கு, சங்க அறையில் பிள்ளைகளோடு ஆடுகிறோம். பெரியவர்களும் வரலாம். இரண்டு பலகை இருக்கிறது. ஒன்றில் வெள்ளை நைட் ஒன்று வெள்ளத்தோடு போய்விட்டது, இப்போதைக்கு அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் மூடி நிற்கிறது. யார் வீட்டிலாவது பழைய காய் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள்.